வரைபடத்தில் இல்லாத கன்டென்சர்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கனமான தலைப்பைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டது அரட்டையை. டீக்கடை பெஞ்சிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், வயரிங் வேலை நடக்கும் வீட்டு வாசலிலும் மின்சாரத்தைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறதே, அதையும் அதில் முளைக்கும் புதிர்களையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இயற்பியலுக்கு இப்படிப்பட்ட பேச்சு ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஒரு புகாரிலிருந்து தொடங்கலாம். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. இங்கே இருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். "கரண்ட் லீக் ஆகுது" என்பார் ஒருவர். "எர்த் சரியில்லை" என்பார் இன்னொருவர். வீட்டுக்காரருக்கு ஒரே கவலைதான்: "மீட்டர் ஓடுமா சார்?" பல்பு மட்டம் என்று கடையில் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வருவார்கள். புதிய பல்பும் அதேபோல் எரியும்.

சுவிட்சுக்குள்ளேயே சின்னச் சிவப்பு நியான் இண்டிகேட்டர் பொதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது அந்த நியானுக்கான மின்னோட்டம் பல்பின் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. அது இல்லையென்றால், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். பல்பு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுபவருக்கு அது தெரியாது.

இரண்டும் இல்லை, வயரிங் ஒழுங்காகவே இருக்கிறது, அப்போதும் எரிகிறது என்றால்? பேச்சு சூடுபிடிப்பது இங்கேதான். சுவரில் பதித்த பைப்புக்குள் ஃபேஸ் வயரும், சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே போகின்றன. இரண்டு கடத்திகள், நடுவில் பி.வி.சி. உறை. இதைப் பாடப்புத்தகம் மின்தேக்கி என்கிறது, எலக்ட்ரீஷியன் கன்டென்சர் என்கிறார். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் "கன்டென்சர் போயிடுச்சு" என்கிறோமே, அதே இனம்தான், அளவில் மிகச் சிறியது. இப்படி ஒட்டிப் போகும் வயர்களுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டருக்கு 1 நானோஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே ஏறக்குறைய 70 மைக்ரோ ஆம்பியர் போகும். குண்டு பல்புக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எல்.இ.டி.க்கோ மினுக்கிக் காட்ட இதுவே போதும். குண்டு பல்பு காலத்திலும் இந்த மின்னோட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: மீட்டர் இதைக் கண்டுகொள்ளாது.

டெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மரப்பெஞ்சில் நின்று தொட்டாலும் அதில் உள்ள நியான் எரிகிறது. "சர்க்யூட் மூடினால்தானே கரண்ட் ஓடும்? இங்கே எங்கே மூடுகிறது?" என்று ஒரு மாணவர் கேட்டால், அவரைப் பாராட்ட வேண்டும். நம் உடம்பு ஒரு தகடு, தரை இன்னொரு தகடு. நடுவில் செருப்பும் பெஞ்சும் காற்றும். நம்மை அறியாமலேயே ஒரு கன்டென்சரின் பாதியாக நிற்கிறோம். சில மைக்ரோ ஆம்பியர் அதன் வழியே போய் வருகிறது. நியானுக்கு அது போதும்.

சர்க்யூட் படத்தில் இந்தக் கன்டென்சர்களை யாரும் வரைவதில்லை. வரைந்தால் படம் படமாக இருக்காது என்பது உண்மைதான். ஆனால் மின்சாரப் புதிர்களில் நடக்கும் சண்டைகளை உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் படத்தில் வரையாத ஒன்றைப் பற்றிய சண்டையாகவே இருக்கும். ஒருவர் அதை மனத்துக்குள் வரைந்துவிட்டுப் பேசுகிறார், மற்றவர் வரையாமல் பேசுகிறார். இருவரும் அவரவர் படத்துக்குச் சரியான விடையைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நம் காலத்தின் பெரிய உதாரணம் 2021 நவம்பரில் வந்தது. டெரெக் முல்லர் என்ற அறிவியல் காணொளிக்காரர் ஒரு புதிர் போட்டார். ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், அவற்றுக்கு எதிரே 1 மீட்டர் தள்ளி ஒரு பல்பு. இணைக்கும் கம்பியோ இடப்புறமும் வலப்புறமும் ஒளி அரை விநாடியில் கடக்கும் தூரத்துக்கு, அதாவது 1.5 லட்சம் கிலோமீட்டருக்கு நீண்டு, திரும்பி வருகிறது. சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும்? ஒரு விநாடியிலா, இரண்டு விநாடியிலா? அவர் சொன்ன விடை, ஒளி 1 மீட்டர் கடக்கும் நேரம், அதாவது சுமார் 3.3 நானோ விநாடி. கம்பி நிலவுக்குப் பாதி வழி போய் வளைந்து வந்தாலும் சரி, பல்பு உடனே எரியும் என்றார்.

இதற்குக் கிளம்பிய சண்டையில் பேராசிரியர்களும் இருந்தார்கள், பட்டறைப் பொறியாளர்களும் இருந்தார்கள். "கம்பியை நடுவில் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? வெட்டியது பல்புக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?" என்று கேட்டவர்களின் கேள்வி மிக நல்ல கேள்வி. வெட்டியது தெரியாது என்பதே பதில். வெட்டியிருந்தாலும் அந்த முதல் 3.3 நானோ விநாடிக்குப் பிறகு பல்பில் கொஞ்சம் மின்னோட்டம் ஓடத்தான் செய்யும். 1 மீட்டர் இடைவெளியில் இணையாகப் போகும் இரண்டு நீண்ட கம்பிகள் வழிநெடுக ஒரு கன்டென்சர். கூடவே ஒவ்வொரு துண்டுக்கும் தூண்டல் உண்டு. சுவிட்சைப் போட்ட கணத்தில் பேட்டரியின் கண்ணுக்கு அந்தக் கம்பிச் சோடி ஒரு மின்தடை போலத்தான் தெரியும். 2 மில்லிமீட்டர் கம்பி என்று வைத்தால் பக்கத்துக்கு 800 ஓம் சொச்சம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி, 60 வாட் கார் பல்பு. முழுதாக எரிய அந்தப் பல்புக்கு 5 ஆம்பியர் வேண்டும். முதலில் வந்து சேர்வது சுமார் 7 மில்லி ஆம்பியர். இழை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. ஆயிரத்து அறுநூறு ஓம் உள்ள எல்.இ.டி. அமைப்பை அங்கே வைத்தால், பாதி வோல்டேஜ் உடனே கிடைத்துவிடும், கண்ணுக்குத் தெரிய எரியும். ஆக, "பல்பு எப்போது எரியும்" என்ற புதிரின் விடை, "எவ்வளவு எரிந்தால் எரிந்ததாகக் கணக்கு" என்பதில் அடங்கியிருக்கிறது. முல்லர் துளி மின்னோட்டம் வந்தாலும் எரிகிற பல்பு என்று வைத்துக்கொண்டார். எதிர்த்தவர்கள் நம் வீட்டுப் பல்பை நினைத்தார்கள். அடுத்த ஆண்டு கால்டெக் நிறுவனத்தில் சிறு அளவில் கம்பி கட்டி அளந்தார்கள். உடனே கொஞ்சம், பிறகு முழுதும் என்றுதான் வந்தது. புதிர் போட்டவர் அந்த நிபந்தனையைக் கேள்வியிலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை. சொல்லியிருந்தால் இத்தனை பேர் யோசித்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

இந்தச் சண்டையின் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. கம்பிக்குள் ஓடுவது என்ன? குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் கரண்ட் ஓடுகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். தொடக்கத்துக்கு அது நல்லதுதான். ஆனால் எண்ணைப் போட்டால் திகைப்பாக இருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடினால் எலக்ட்ரான்கள் முன்னேறும் வேகம் விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். 1 மீட்டர் போக நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டில் ஓடுவதோ மாறுமின்னோட்டம். அங்கே எலக்ட்ரான் போவதும் இல்லை, வருவதும் இல்லை. இருந்த இடத்திலேயே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஆடிக்கொண்டிருக்கிறது. நெய்வேலி மின் நிலையத்திலிருந்து ஒரு எலக்ட்ரான்கூடக் கிளம்பி உங்கள் ஃபேனுக்கு வந்து சேர்ந்ததில்லை. ஃபேனுக்குள் ஆடுபவை ஃபேனோடு கடையில் வாங்கியவை.

அப்படியானால் நெய்வேலியிலிருந்து வருவது என்ன? ஆற்றல் வருகிறது. அது எந்த வழியாக வருகிறது என்பதற்கு 1884-இல் ஜான் ஹென்றி பாயின்டிங் கணக்குப் போட்டுக் காட்டினார். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளிலிருந்து அவர் பெற்ற விடை: ஆற்றல் கம்பியைச் சுற்றியுள்ள வெளியில், மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த இடத்தில் பாய்கிறது. கம்பிக்குள் நுழைவது கம்பியைச் சூடாக்கி வீணாகும் பங்கு மட்டுமே. இதைக் கேட்டவுடன் சிலர் மறுபக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள், கம்பியே தேவையில்லை என்பதுபோல. அது வெறும் வீம்பு. அந்தப் புலங்கள் இப்படி அமைவதற்குக் காரணமே கம்பியிலுள்ள மின்னூட்டங்கள்தான். ரோடு வண்டியைச் சுமக்கவில்லை என்று யாராவது வாதாடினால் எப்படி இருக்கும், அப்படி.

வெளியில் புலம் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாக்ஸ் என்ற ஓவியர் 2004-இல் செய்ததைச் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் தங்கிப் பணிபுரிந்த கலைஞர் அவர். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு வயலில் 1301 டியூப்லைட்டுகளை நட்டு வைத்தார். எந்த டியூபுக்கும் வயர் இல்லை. இருட்டியதும் வயல் முழுக்க எரிந்தது. நட்ட டியூபுகளுக்குப் பக்கத்தில் ஆள் போனால் அங்கே ஒளி மங்கியது. அணைத்த பிறகும் எரியும் எல்.இ.டி.யின் பெரியப்பா அது. இதைக் கேட்டுவிட்டு யாரும் நம் ஊர் டவர் லைனுக்குக் கீழே டியூபைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

வரையாத கன்டென்சரால் ஒரு பெரிய திட்டமே தடுமாறிய கதை ஒன்று உண்டு. 1850களில் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கேபிள் போடத் திட்டமிட்டார்கள். அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை, 3,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் செப்புக் கம்பி, மேலே கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை. அந்தப் பால் மலேயாக் காடுகளிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போனது. உறைக்கு வெளியே உப்புக் கடல். 1854-இலேயே ஃபாரடே சொல்லிவிட்டார்: உள்ளே ஒரு கடத்தி, வெளியே ஒரு கடத்தி, நடுவில் மின்கடத்தாப் பொருள், ஆகவே முழு கேபிளும் ஒரு கன்டென்சர். வில்லியம் தாம்சன் அதற்குக் கணக்கு எழுதினார். கேபிளின் நீளத்தை இரட்டித்தால் சமிக்ஞையின் தாமதம் நான்கு மடங்காகும் என்றார்.

இதை ஒப்புக்கொள்ளாதவர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ். தொழிலால் அறுவை மருத்துவர், ஆர்வத்தால் மின்சாரக்காரர், அட்லாண்டிக் டெலிகிராஃப் கம்பெனியின் மின்பொறுப்பாளர். அவரை முட்டாள் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் பரிசோதனை செய்தவர், அளந்தவர். 1856-இல் அவருக்கும் தாம்சனுக்கும் இடையிலான வாதம் பத்திரிகைக் கடிதங்களாகவே வெளிவந்தது. ஆனால் கேபிள் கடலில் இறங்கிய பிறகு வாதத்துக்கு இடமில்லை, கருவிதான் பேச வேண்டும். தாம்சன் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டும் கண்ணாடி கால்வனோமீட்டரைச் செய்து வைத்திருந்தார். குறைந்த வோல்டேஜ் கொடு, கூர்ந்து பார் என்பது அவர் வழி. சமிக்ஞை மங்கலாக வருகிறதா, ஓங்கி அடி என்பது வைட்ஹவுஸின் வழி. பெரிய தூண்டு சுருள்களை வைத்து சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார்.

1858 ஆகஸ்டில் கேபிள் இணைந்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது. வைட்ஹவுஸ் வேலையிழந்தார், விசாரணையில் பழி அவர்மேல் விழுந்தது. கேபிள் செய்யும்போதே உறை பல இடங்களில் பழுதாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பழுத்த இலைமேல் காற்றடித்த மாதிரி ஆகிவிட்டது. 1866-இல் தாம்சனின் வழிப்படி போட்ட கேபிள் வேலை செய்தது. அவருக்கு சர் பட்டம் கிடைத்தது, பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார்.

சரி, கடலிலிருந்து கரையேறி வீட்டுக்கு வருவோம். பிளஸ் டூ மாணவர்களை மடக்க எப்போதும் கேட்கும் கேள்வி: 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் தொடரிணைப்பில் கொடுத்தால் எது அதிகம் எரியும்? 40 வாட் என்பது விடை. மின்தடை அதற்குத்தான் அதிகம், 1,322 ஓம். 100 வாட்டுக்கு 529 ஓம். சூத்திரத்தில் போட்டால் 40 வாட் பல்பு 20 வாட்டிலும், 100 வாட் பல்பு 8 வாட்டிலும் எரிய வேண்டும். செய்து பார்த்தால் அப்படி வராது. 40 வாட் பல்பு ஏறக்குறைய முழுதாக எரியும், 100 வாட் இழை சிவந்தால் உண்டு. இங்கே படத்தில் வரையாதது சூடு. டங்ஸ்டன் இழையின் மின்தடை குளிர்ந்த நிலையில், எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இதைச் சூத்திரமில்லாமலேயே அறிந்தவர் மிக்சி, அயர்ன்பாக்ஸ் பழுதுபார்க்கும் கடைக்காரர். குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டில் பொருளைச் செருகிப் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், மங்கலாக எரிந்தால் பிழைக்கும், எரியவே இல்லையென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. குண்டு பல்பு கிடைக்காமல் போனால் அவர் பாடுதான் திண்டாட்டம்.

புதிர்களுக்கும் அதே திண்டாட்டம். வெளியே மூன்று சுவிட்ச், மூடிய அறைக்குள் ஒரு பல்பு, ஒரே முறைதான் உள்ளே போகலாம் என்ற பழைய புதிரின் உயிரே, பல்பைத் தொட்டுப் பார்த்தால் சுடும் என்பதில் இருக்கிறது. 2015-இல் உஜாலா திட்டம் வந்து (சொட்டு நீலம் அல்ல, மத்திய அரசின் எல்.இ.டி. திட்டம்) வீடுகளில் குண்டு பல்பு மறைந்தது. இன்றைய ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு அந்த விடை தோன்றாததில் அதன் தவறு ஒன்றுமில்லை.

மின்சாரத்தை விட்டு ஒரே ஒரு புதிருக்கு வெளியே போய் வருகிறேன், அதன் சரித்திரத்துக்காக. தோட்டத்தில் சுழலும் ஸ்பிரிங்க்ளர் தெரியும். தண்ணீர் வெளியே பீய்ச்சும், அது எதிர்ப்பக்கம் சுழலும். அதைத் தொட்டிக்குள் மூழ்க வைத்து, பீய்ச்சுவதற்குப் பதில் உறிஞ்ச வைத்தால் எந்தப் பக்கம் சுழலும்? எர்ன்ஸ்ட் மாஹ் 1883-இல் தன் இயக்கவியல் நூலில் இதைத் தொட்டார். 1940 வாக்கில் பிரின்ஸ்டனில் ரிச்சர்ட் ஃபெயின்மன் மாணவராக இருந்தபோது அந்த இயற்பியல் துறையே இதில் இரண்டாகப் பிளந்தது. தலைகீழாகச் சுழலும் என்று ஒரு கட்சி, அசையாது என்று ஒரு கட்சி. ஃபெயின்மன் பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, அழுத்தக் காற்றை ஏற்றிக்கொண்டே போனார். அசையவில்லை, இன்னும் ஏற்றினார். குடுவை வெடித்து சைக்ளோட்ரான் கூடம் முழுக்கத் தண்ணீரும் கண்ணாடியும் சிதறின. பின்னாளில் இந்தக் கதையைச் சுவையாக எழுதியவர் விடையை எழுதாமல் விட்டார். அதில் கொஞ்சம் குறும்பு இருக்கிறது.

தெளிவான விடை வந்தது 2024-இல். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லீஃப் ரிஸ்ட்ராஃப் குழுவினர் உராய்வு மிகக் குறைந்த தாங்கியில் வைத்து அளந்தார்கள். தலைகீழாகத்தான் சுழல்கிறது, ஆனால் சாதாரணமாகப் பீய்ச்சும்போது சுழல்வதைவிட சுமார் 50 மடங்கு மெதுவாக. ஆக, அசையாது என்ற கட்சியும் பெரிதாகத் தோற்றுவிடவில்லை. காரணம் எங்கே இருந்தது தெரியுமா? கைகளின் முனையில் இல்லை, நடுக்குழியில். வளைந்த கைகளின் வழியே உள்ளே வரும் நீர்த்தாரைகள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதுகின்றன. காகிதத்தில் இந்தப் புதிரைப் போட்ட எல்லோரும் கைகளை அழகாக வரைந்தார்கள், நடுவில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். (அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரின் குடும்பப் பெயர் ஸ்பிரிங்க்கிள். நான் கட்டிய கதை அல்ல.)

கேள்வி நேரத்துக்கு ஒரு கணக்கை வைத்துவிட்டு அமர்கிறேன். 1,000 மைக்ரோஃபாரட் கன்டென்சர் இரண்டு. ஒன்றை 10 வோல்ட்டுக்கு மின்னேற்றம் செய்யுங்கள், மற்றது காலி. முதலாவதில் இருக்கும் ஆற்றல் 0.05 ஜூல். இப்போது இரண்டையும் கம்பியால் இணையுங்கள். மின்னூட்டம் சரிபாதியாகப் பிரியும், இரண்டும் 5 வோல்ட்டில் நிற்கும். மொத்த ஆற்றலைக் கூட்டினால் 0.025 ஜூல்தான் வருகிறது. மீதிப் பாதி எங்கே போயிற்று? கம்பி சூடாகியிருக்கும் என்பீர்கள். நல்லது. மின்தடையைப் பாதியாகக் குறைத்துக் கணக்குப் போடுங்கள், இழப்பு அதே பாதிதான். நூறில் ஒரு பங்காக்குங்கள், அப்போதும் அதே பாதி. மின்தடையே இல்லாத கம்பி என்று வைத்தால் சூடாக வழியில்லை. அப்போது? இந்த முறை வரையாமல் விட்டது கன்டென்சர் அல்ல, படத்தில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. இணைக்கும் கம்பி ஒரு வளையமாக இருப்பதைப் பாருங்கள். ஐயம் தீராதவர்கள் பேட்டரியில் மின்னேற்றம் செய்து, பக்கத்தில் ஒரு பழைய மீடியம் வேவ் ரேடியோவை எந்த நிலையமும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துவிட்டு இணைத்துப் பாருங்கள். என்ன கேட்டது என்று எனக்குச் சொல்லுங்கள்.